வீட்டிலேயே பாலன் குடில்: முதல்முறை கட்டுகிறவர்களுக்கு

நத்தாருக்கு, இயேசு பாலன் பிறந்த தொழுவத்தைச் சின்னதாகக் காட்டும் குடில் கட்ட 24ஆம் திகதி காலையில் உட்கார்ந்தால் நடக்காது. குடிலைச் சுற்றி வைக்கும் முளைப்பாரி வளர நாள் வேண்டும், அதனால் டிசம்பர் முதல் வாரத்திலேயே ஆரம்பியுங்கள்.

மாரியம்மன் திருவிழாவுக்குப் போடுகிற அதே முறைதான். பழைய தட்டில் மண் பரப்பி, ராத்திரி ஊறவைத்த பயறையோ குரக்கனையோ நெருக்கமாகத் தூவித் தண்ணீர் தெளியுங்கள். நுவரெலியாக் குளிரில் முளைக்கச் சுணங்கும், அடுப்படிச் சூட்டில் வைத்து, முளை விட்டதும் ஜன்னலோரம் மாற்றிவிடுங்கள். பிரான்சின் புரோவன்ஸ் பகுதியிலும் டிசம்பர் 4, புனித பார்பரா திருநாளன்று, இப்படித்தான் தட்டில் கோதுமை விதைக்கிறார்கள். எனக்கு இதைப் படித்தபோது அவ்வளவு சந்தோஷம்.

அடுத்தது தொழுவம். கவ்வாத்து வெட்டின தேயிலை மலையில் மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, கிடக்கும், தடித்த குச்சியாக நாலு எடுங்கள். முன்கால் இரண்டும் ஒரு அடி, பின்கால் கொஞ்சம் குட்டை, அப்போதுதான் கூரை சரியும். சணலால் இறுக்கிக் கட்டி, மேலே மானாப்புல் வேயுங்கள். பின்னால் மலைக்கு, சீமெந்துப் பைத்தாளைக் கசக்கிக் கஞ்சியில் தோய்த்துக் காயவிட்டால் விறைப்பாக நிற்கும். டிசம்பர் மழை சாரலடிக்கும், ஆகவே இஸ்தோப்பின் (வீட்டு முன்திண்ணையின்) உள்மூலையில் வையுங்கள். மெழுகுவர்த்தி மட்டும் வேண்டவே வேண்டாம்! எங்கள் வீட்டில் ஒரு வருடம் கூரைப்புல் பற்றிக்கொண்டு அம்மா வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். பற்றரியில் எரியும் சின்ன எல்ஈடி விளக்கு போதும்.

சிலை வாங்கக் காசில்லையென்று தயங்காதீர்கள். 1223இல் இத்தாலியின் கிரெச்சோவில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் இருந்தது தீவனத்தொட்டி, வைக்கோல், உயிருள்ள எருது, கழுதை அவ்வளவுதான். பிள்ளைகள் களிமண்ணில் பிடித்துத் தரட்டும்.

சரி, 24 இரவு. தொட்டி வெறுமையாகவே இருக்க வேண்டும், பாலனை முன்கூட்டியே வைத்துவிட்டால் காத்திருப்பே போய்விடும். போலந்தில் அன்றிரவு முதல் நட்சத்திரம் தெரிந்தபிறகுதான் சாப்பிடுவார்கள், மேசைவிரிப்புக்கடியில் வைக்கோல் பரப்பி, எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கு ஒரு தட்டும் கூடுதலாக வைப்பார்கள். பக்கத்துக் காம்பராவில் தனியாக இருப்பவருக்கு நாமும் ஒரு தட்டு வைக்கலாமே. நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் வீட்டின் கடைக்குட்டி பாலனைக் கிடத்தட்டும்.

அப்புறம் பாலனைக் காண வந்த மூன்று ராஜாக்கள். அவர்களை ஜன்னல் விளிம்பில் தூரமாக நிறுத்தி, தினமும் ஒரு சாண் நகர்த்துங்கள், ஜனவரி 6 அன்று குடிலுக்கு வந்து சேர்வார்கள்.