அம்மாவின் தமிழுக்குப் போனைப் பழக்குவது எப்படி?

"நாளைக்குத் தேக்கா போறேன், என்னென்ன வாங்கலாம்?" என்று அம்மா போனில் இருக்கிற ஏஐயைக் கேட்டார். தேக்கா எங்கள் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா சந்தை. ஏஐயோ அதை "தேக்கு" என்று எடுத்துக்கொண்டு கட்டில், அலமாரி என்று அடுக்க ஆரம்பித்துவிட்டது. (ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில் தேக்கா என்றால் மூங்கிலடி, ஆக அது சொன்ன மரமும் தப்பு.) அம்மா போனை சோபாவில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு உட்கார்ந்து நான் சரிசெய்ததுதான் இது, உங்கள் வீட்டுக்கும் உதவலாம்.

1. முதலில் காது. கூகுளின் குரல் தட்டச்சு மொழிப் பட்டியலில் தமிழ் (இந்தியா) தவிர தமிழ் (சிங்கப்பூர்) என்றும் தனியாக இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள்.

2. மைக்கை அழுத்திப் பேசியதும் அனுப்பிவிடாதீர்கள், திரையில் என்ன எழுத்து விழுந்திருக்கிறது என்று பாருங்கள். எல்லாமே இங்கேதான் இருக்கிறது. எழுத்தே தப்பாக விழுந்திருந்தால் அது காதின் கோளாறு, அந்த ஒரு சொல்லை மட்டும் விரலால் திருத்தினால் போதும். எழுத்து சரி, பதில்தான் கோணல் என்றால் அதற்கு உங்களைப் பற்றித் தெரியவில்லை என்று அர்த்தம், அடுத்த படிக்குப் போங்கள்.

3. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். சாட்ஜிபிடி என்றால் அமைப்புகளில் 'கஸ்டம் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்' என்ற இடம் இருக்கிறது. அம்மாவுக்காக நான் எழுதியது: "எனக்கு 68 வயது, சிங்கப்பூரில் இருக்கிறேன். தேக்கா என்றால் லிட்டில் இந்தியா சந்தை. பேச்சுத் தமிழில், மூன்று வரிக்குள் பதில் சொல். புரியாவிட்டால் ஊகிக்காமல் திருப்பிக் கேள்." அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்வது இதற்குக் கைவந்த கலை.

4. பதில் பிடிக்கவில்லையா, புதிதாகக் கேட்காமல் அதே உரையாடலிலேயே "இவ்வளவு நீளம் வேண்டாம்", "செந்தமிழ் வேண்டாம்" என்று சொல்லுங்கள். மரியாதையெல்லாம் பார்க்க வேண்டாம், அம்மா இன்னமும் "கொஞ்சம் சொல்லுப்பா" என்றுதான் கேட்கிறார்.

அப்புறம் ஒன்று: சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் இணையச் சேவைகளில் நுழையும் கணக்கு) கடவுச்சொல், அடையாள அட்டை எண், ஓடிபி எதையும் அதனிடம் சொல்லக் கூடாது. மாத்திரை அளவு பற்றிய சந்தேகத்தைப் பாலிகிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் அம்மா அதே கேள்வியைக் கேட்டார். "மீனா, காய்கறியா, எதும்மா வாங்கப் போறீங்க?" என்று அது திருப்பிக் கேட்டது. அம்மா சிரித்துக்கொண்டே என்னிடம் திரும்பி, "பை எங்க இருக்குன்னும் இதுக்குத் தெரியுமா?" என்றார்.