வக்கீல் வைக்கிறேன் பேர்வழி என்று நான் செய்த தவறுகள்

போன மாதம் தோழி ஒருத்தியின் தங்கைக்குத் துணையாகச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற குடும்ப நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் வக்கீலின் ஜூனியர் வந்து ஒரு காகிதக் கட்டை நீட்டி, "இங்க, இங்க, அப்புறம் கடைசிப் பக்கத்துல" என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களைக் காட்டினார். அவளும் பேனாவைத் திறந்துவிட்டாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். 11 வருடத்துக்கு முன்னால் அதே வராந்தாவில் நான் பேனாவைத் திறந்தபோது நிறுத்த யாரும் இல்லை.

நான் வக்கீல் இல்லை. சொந்த விவாகரத்து வழக்கை மூன்றரை வருடம் நடத்தி முடித்தவள். அதற்கப்புறம் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஏழெட்டுப் பேரோடு கோர்ட் படியேறியவள். நல்ல வக்கீலாகப் பாருங்கள், கல்யாணப் பத்திரிகையைப் பத்திரமாக வையுங்கள் என்பதையெல்லாம் உங்களுக்கு யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

சொந்தக்கார வக்கீல்

சித்தப்பாவின் சம்பந்தி நிலத் தகராறு வழக்கில் புலியாக இருக்கலாம். அவர் குடும்ப நீதிமன்றத்துக்குள் கடைசியாக எப்போது நுழைந்தார் என்று கேளுங்கள். போதாததற்கு, உங்கள் படுக்கையறைச் சண்டை அடுத்த கல்யாண வீட்டுப் பந்தி வரைக்கும் போகும்.

மனுவைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் மனு ஆங்கிலத்தில் 14 பக்கம். எனக்கு ஆங்கிலம் தெரியும், பி.காம். படித்தவள்தான், ஆனாலும் படிக்கவில்லை. அழுது களைத்திருந்தேன், வக்கீல் பெரியவர், அவர் எழுதியதை நாம் சரிபார்ப்பதா என்ற கூச்சம் வேறு. அதில் ஆறாவது பத்தியில், மாமியார் என் நகையைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார் என்று இருந்தது. என் மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பே இறந்துபோனவர். அந்த அம்மாவை நான் சட்டம் போட்ட போட்டோவில் மாலையோடு பார்த்ததுதான். யாரோ ஒருத்தியின் பழைய மனுவை எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றி, மாமியாரை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள்.

அதோடு போயிற்றா? விசாரணை ஆரம்பித்ததும் முதல் விசாரணைக்குப் பதிலாக ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்வார்கள், நீங்கள் வாயால் சொல்ல வேண்டியதை எழுத்தில் சத்தியமாகச் சொல்வது. மனுவை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தார்கள், மாமியாரும் கூடவே வந்துவிட்டார். அதிலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஒரே பொய்யை இரண்டு தடவை, இரண்டாவது தடவை சத்தியம் வேறு.

குறுக்கு விசாரணை அன்றைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் குரலே உயர்த்தவில்லை. "உங்க மாமியார் பேர் என்னம்மா?" சொன்னேன். "அவங்கதானே நகையைப் பிடுங்கினாங்க?" கூண்டில் நின்றபடி என் வக்கீலைப் பார்த்தேன், அவர் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "அவங்களைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?" அவ்வளவுதான். இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினார். அதற்கப்புறம் நான் சொன்ன உண்மைகளும், அடி வாங்கியதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்த உண்மையும்கூட, அந்த மாமியாரைத் தாண்டி நடக்க முடியாமல் நொண்டின. கடைசியில் கேட்டதில் பாதிக்கும் குறைவான தொகைக்குப் பரஸ்பர சம்மதத்தில் முடித்துக்கொண்டேன்.

வக்கீல் மேல் கோபம் உண்டு. என் மேல் அதைவிட அதிகம். கையெழுத்து என்னுடையது, கூண்டில் ஏறியதும் நான்தான், அவர் அடுத்த வழக்குக்குப் போய்விட்டார்.

ஆண்களுக்கும் இதேதான், இன்னும் மோசமாக. மனைவி ஜீவனாம்சம் கேட்டால் பதில் மனுவில் "நடத்தை சரியில்லை" என்று ஒரு பத்தி சேர்ப்பது சில அலுவலகங்களில் பெருங்காயம் போடுவதுபோலப் பழக்கமாகிவிட்டது. ஒரு கணவர் இப்படிப் பதில் மனுவில் எழுதிவிட்டு, பின்னால் திருத்த மனு போட்டு அந்த வரிகளை நீக்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீக்கினாலும் எழுதியது எழுதியதுதான், அப்படிப் பழி சுமத்துவதே மனரீதியான கொடுமை என்று 2003ல் தீர்ப்பாயிற்று. தன் பதில் மனுவாலேயே மனைவிக்கு விவாகரத்துக்கான காரணத்தைக் கையில் எடுத்துக் கொடுத்தார் அந்த மனிதர். பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் உரிமையும் கேட்கிறவராக இருந்தால் யோசியுங்கள், அதே நீதிபதிதான் பிள்ளைக்கு யார் நல்லது என்று பார்க்கப்போகிறார்.

"வருமானம் ஏதும் இல்லை" என்ற வரியும் அப்படித்தான். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். நான் துணைக்குப் போன ஒரு பெண் வீட்டில் டியூஷன் எடுத்தாள், மாதம் ஆறாயிரம் வரும். அதைச் சொல்லியிருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது, அந்தப் பணத்தில் யாரும் குடும்பம் நடத்த முடியாது. மனுவில் ஒன்றுமில்லை என்று இருந்தது, எதிர்த்தரப்பு கையில் ஜிபே கணக்கு இருந்தது.

என்ன செய்யலாம்? வக்கீல் எழுதுவதற்கு முன்னால் நீங்களே தமிழில் தேதிவாரியாக நடந்ததை எழுதிக் கொடுங்கள். டைப் ஆகி வந்ததை ஒரு ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஆங்கிலம் வராது என்றால் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும். தோழியின் தங்கை அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் படித்தாள். ஜூனியர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் பக்கத்தில் அவளுடைய ஒரே பெண் "இரண்டு ஆண் குழந்தைகள்" ஆகியிருந்தாள்.

வெற்றுத்தாளில் கையெழுத்து

கூடாது. அவசரம் என்றாலும் கூடாது.

ஜெயித்தால் பத்து பர்சென்ட்

பார் கவுன்சில் விதியே இதைத் தடுக்கிறது. கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நகையை அடகு வைத்துத்தான் வக்கீல் வைக்க வேண்டும் என்று நினைப்பது

1987ம் வருடச் சட்டப்படி, பெண்ணாக இருந்தால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், 15100 என்ற உதவி எண்ணுக்கும் பேசலாம். இலவச வக்கீல் என்றால் மட்டம் என்பார்கள், நான் பார்த்த இரண்டு பேரில் ஒருவர் அருமை, ஒருவர் சுமார். காசு வாங்கியவர்களிலும் எனக்கு அதே கணக்குதான்.

"அதெல்லாம் வக்கீல் பேசிக்குவார்"

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமை அல்ல, நீதிமன்றம் அனுமதித்தால்தான். 1984ம் வருடச் சட்டத்தின் 13வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நடைமுறையில் அனுமதிக்கிறார்கள், ஆனால் கவுன்சிலிங் அறைக்குள் நீங்கள் தனியாகத்தான் போவீர்கள். எதற்கு வந்திருக்கிறேன், எது இருந்தால் சமாதானமாவேன் என்று இரண்டு வாக்கியம் உங்கள் வாயில் இருக்க வேண்டும். நான் அழுதுவிட்டு வெளியே வந்தேன்.

வாய்தா தேதியை அவரிடமே விட்டுவிடுவது

வழக்குக்கு 16 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சி.என்.ஆர். எண் இருக்கும். அதை வாங்கி ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் அடுத்த தேதி, போன தேதியில் என்ன நடந்தது எல்லாம் உங்கள் போனிலேயே தெரியும். உங்கள் மேல் போட்ட வழக்கில் உங்கள் தரப்பில் யாரும் ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிடும். அதை ரத்து செய்யச் சொல்லி மனுப்போட 30 நாள்தான், தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு, அதற்கு இன்னொரு பீஸ்.

இடைக்கால ஜீவனாம்ச மனுவை "அப்புறம் போட்டுக்கலாம்மா" என்று தள்ளினாலும் கேளுங்கள், ஏன் என்று. மனுப்போட்ட தேதியிலிருந்துதான் தொகை கணக்காகும், சும்மா இருந்த மாதங்கள் போனது போனதுதான்.

ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல்

செலவு மிச்சம்தான். சண்டை வந்தால் அவர் யார் பக்கம்?

ஒப்பந்தத்தில் பிள்ளைக்கு ஒரே ஒரு வரி

பரஸ்பர சம்மத விவாகரத்தில் எல்லோருக்கும் முடிந்தால் போதும் என்று இருக்கும். "குழந்தையைத் தந்தை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்று தாராளமாக எழுதிவிடுவார்கள், முதல் தீபாவளியிலேயே அந்த எப்போது வேண்டுமானாலும் கிழியும். எந்த ஞாயிறு, எத்தனை மணிக்கு, எங்கே விட்டு எங்கே கூட்டிக்கொள்வது, மே மாத லீவில் எத்தனை நாள், பாஸ்போர்ட்டுக்கு யார் கையெழுத்து, பள்ளிக் கட்டணம் யார் என்று எழுதச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் பிள்ளையின் ஜீவனாம்ச உரிமை அதனால் போய்விடாது. ஆனால் அதைக் கேட்க மறுபடியும் படியேற வேண்டும்.

இன்னொன்று, முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் நடுவில் பொதுவாக ஆறு மாதம். 2017லிருந்து தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் அந்தக் காத்திருப்பை விலக்கலாம். அதற்குள் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், பணத்தையோ புகார் வாபஸையோ முதல் நாளிலேயே முழுசாகக் கொடுத்துவிடாதீர்கள்.

வக்கீலை மாற்றும்போது வழக்குக் கட்டை விட்டுவிட்டு வருவது

பாக்கி பீஸ் இருக்கிறது, கட்டைத் தரமாட்டேன் என்று சொல்வார்கள். பீஸுக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000த்திலேயே சொல்லிவிட்டது. பீஸ் தகராறு தனி, கட்டு தனி. சண்டை போடாமல், கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் போங்கள். ஆட்சேபணை இல்லை என்ற பழைய வக்கீலின் கையெழுத்தை, புது வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் வக்காலத்திலேயே வாங்கிக்கொண்டு, அசல் சான்றிதழ்கள் எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே குமாஸ்தா மேஜையில் வைத்துப் பக்கம் எண்ணுங்கள். என் கல்யாணப் பதிவுச் சான்றிதழின் அசல் இன்னும் யார் அலமாரியிலோ இருக்கிறது.