மீனவ கிராமத்தில் தடுப்பூசி முகாம் நடத்துவது எப்படி?

கடலூர் முதுநகரை ஒட்டிய மீனவ கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தேன். கொரோனா காலத்தில் ஊசியோடு தெருத்தெருவாக நடந்ததில் தெரிந்துகொண்டதை, இனி இந்த வேலைக்கு வரப்போகும் தங்கைகளுக்காகவும் ஊரில் உள்ள தன்னார்வலர்களுக்காகவும் எழுதுகிறேன். இன்னொரு பெருந்தொற்று வந்தால் மருந்து வரும், ஐஸ் பெட்டி வரும், பேனர் வரும். ஆட்களை வரவைப்பது மட்டும் நம் தலையில்தான் விழும்.

வேலை நோட்டுப் புத்தகத்தில் தொடங்குகிறது. முகாமுக்கு ஒரு வாரம் முன்பே வீடு வீடாகப் போங்கள். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று மட்டும் எழுதினால் பத்தாது. போடாதவர் என்ன சொன்னார் என்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். 'பயம்' என்று பொதுவாக எழுதிவிட்டு வந்தால், பிறகு அந்த நோட்டு எதற்கும் உதவாது. ஊசியே வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர்கள் ஊருக்கு நாலைந்து வீடுதான் இருப்பார்கள். மற்றவர்களை ஏதோ ஒன்று தடுக்கிறது. அது என்னவென்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

துறைமுகத்தில் மீன் வாங்கிக் கூடையில் விற்கும் ஒரு பெரியம்மா ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி "போ போ" என்பார். ஒருநாள் அவர் ஐஸ் தட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டேன். "ஊசி போட்டா ஜொரம் வரும்னு நீயே சொல்ற. நான் படுத்துட்டா நாளைக்குக் கூடையை நீ வந்து தூக்குவியா?" என்றார். அவருக்கு ஊசியைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லை. ஒருநாள் வியாபாரம் போனால் வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட முடியாது, அவ்வளவுதான். அடுத்த நாள் படகு கடலுக்குப் போகாது என்று தெரிந்த ஒரு நாளாகப் பார்த்து, அன்று சாயங்காலம் அவர் வீட்டிலேயே போட்டோம். அதே கவலையில் இருந்த மற்ற மீன்காரம்மாக்களும் அன்றைக்கே கை நீட்டினார்கள்.

முகாம் நேரம் இதனால்தான் முக்கியம். காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டால் யார் வருவார்கள்? விடியுமுன் கடலுக்குப் போன ஆண்கள் அப்போதுதான் கரை திரும்புவார்கள், பெண்கள் ஏலத்தில் நிற்பார்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் வையுங்கள். வலை பின்னும் கூடமோ கோயில் வாசலோ, அவர்கள் எப்படியும் கூடுகிற இடமாக இருக்கட்டும். நூறு நாள் வேலை நடக்கும் ஊர்களில் வேலை நடக்கும் இடத்துக்கே போய்விடலாம். பணித்தளப் பொறுப்பாளரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

அப்புறம் கவிச்சி. ஊசி போட்டால் சில நாளைக்குக் கறி, மீன் தொடக்கூடாது என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு உண்டு. மீனவ வீட்டில் மீன் சாப்பிடாதே என்றால் எப்படி? இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 12 அன்று தொடங்கிய மெகா தடுப்பூசி முகாம்கள் முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடந்தன. அக்டோபரில் ஒரு முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஞாயிறு அன்று கறியும் மதுவும் எடுத்துக்கொள்பவர்கள் ஊசிக்குத் தயங்குகிறார்கள் என்று அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியனே காரணம் சொன்னார். நாம் வாய்விட்டுச் சொல்லவேண்டியது இதுதான்: மீன் சாப்பிடலாம், கறி சாப்பிடலாம், வெறும் வயிற்றோடு மட்டும் வராதீர்கள். அதேபோல, மாதவிடாய் நாட்களில் போடக்கூடாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பெண்கள் இதைச் சபையில் கேட்கமாட்டார்கள், நீங்களாகவே அவர்கள் காதில் போட்டு வையுங்கள்.

வதந்தியை எப்படிக் கையாள்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட இரண்டு நாளில் மாரடைப்பில் இறந்தபோது, எங்கள் தெருக்களில் கதவுகள் அப்படியே சாத்திக்கொண்டன. தேசிய அளவிலான நிபுணர் குழு ஆராய்ந்து, அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று சொன்னது அக்டோபரில்தான். நடுவில் எத்தனை மாதம்! அந்த மாதங்களில் "சும்மா புரளி" என்று யார் சொன்னாலும் எடுபடவில்லை. அவர் இறந்தது உண்மை, மக்களின் துக்கமும் உண்மை. அதை ஒப்புக்கொண்டு பேசுங்கள். அப்புறம், இதே தெருவில் ஊசி போட்டுக்கொண்டு இன்று தொழிலுக்குப் போயிருக்கிறவர் யார் யார் என்று பேர் சொல்லிக் காட்டுங்கள். டி.வி.யில் வரும் டாக்டரைவிட எதிர்வீட்டு அண்ணன் பேச்சுக்குத்தான் மதிப்பு.

ஊர்ப் பஞ்சாயத்தாரை, அதாவது நாட்டார்களை, முகாம் நாளன்று பொன்னாடை போர்த்தக் கூப்பிடுவதில் பயனில்லை. முன்கூட்டியே போய் உட்கார்ந்து பேசி, அவர்களுடைய சந்தேகத்தை முதலில் தீர்த்து வையுங்கள். அவர்கள் குடும்பத்தோடு முதல் வரிசையில் போட்டுக்கொண்டால், கோயில் மைக்கில் அறிவிப்பு செய்ய நீங்கள் கெஞ்சவேண்டியதில்லை. அவர்களே செய்வார்கள்.

பரிசு கொடுக்கலாமா? சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் 2021 ஜூனில் தன்னார்வலர்கள் பிரியாணி போட்டு, குலுக்கலில் தங்க நாணயம்கூட வைத்தார்கள். கூட்டம் வந்தது. 'போடலாம், நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருப்பவருக்கு அது நல்ல தூண்டுகோல். பயந்து இருப்பவரோ, "சும்மா எதுக்குத் தரான்?" என்று இன்னும் விலகுவார். அவருக்குப் பரிசைவிட நேரம் கொடுங்கள்.

கட்டாயத்தைப் பற்றியும் சொல்கிறேன். முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. அங்கே 2021 டிசம்பரில், 1973-ஆம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டத்தின்படி தடுப்பூசியைக் கட்டாயமாக்கினார்கள். எல்லை கடந்து வேலைக்குப் போகும் நம்மூர்ப் பிள்ளைகள் சிலர் அதைக் கேட்டு அவசரமாக வந்து போட்டுக்கொண்டார்கள். ஆனால் வீட்டிலேயே இருக்கும் கிழவரை எந்த உத்தரவும் வெளியே கொண்டுவராது. ரேஷன் நிறுத்திவிடுவார்கள் என்று நீங்களாக மிரட்டவே மிரட்டாதீர்கள். அந்த வீட்டுக் கதவு பிறகு போலியோ சொட்டு மருந்துக்கும் திறக்காது.

முகாம் நாளன்று செய்யவேண்டியதை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். கொரோனாவுக்கு அப்போது போட்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டிய மருந்து, உறையவும் கூடாது. ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் பெட்டியில் வைக்காதீர்கள். மேலே வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை பொறுங்கள். 10 பேருக்கான குப்பியைத் திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். அதனால் கடைசிக் குப்பிக்காகப் பக்கத்துத் தெருவில் கூப்பிட்டால் ஓடிவரக்கூடிய நாலைந்து பேரின் போன் நம்பர் கையில் இருக்கட்டும். ரொம்ப நாள் மறுத்தவர் தனியாக வந்து நின்றால் மட்டும் எதையும் கணக்குப் பார்க்காதீர்கள், குப்பியைத் திறந்துவிடுங்கள். போட்டபின் அரை மணி நேரம் உட்காரவைப்பதில் சலுகையே கிடையாது. மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், உடம்பெல்லாம் தடிப்பு என்று எது வந்தாலும் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், ஆம்புலன்ஸுக்கு 108.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமானது, மறுநாள் காலை. முகாம் முடிந்ததும் பெட்டியை மூடிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறோம். இங்கே ராத்திரி ஒருவருக்குக் காய்ச்சல் அடிக்கிறது, கை வலிக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் பயந்துபோகிறார்கள். விடிவதற்குள் குழாயடியில் அது 'ஊசி போட்டவன் எழுந்திருக்கவே இல்லையாம்' என்று ஆகிவிடுகிறது. அதனால் புது ஆட்களைத் தேடிப்போகும் முன், நேற்றுப் போட்டவர்கள் வீட்டுக்கு முதலில் போங்கள். நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். பாராசிட்டமால் கொடுத்தது போதுமா என்று கேளுங்கள், கஞ்சி குடித்தாரா என்று விசாரியுங்கள். ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்று மருமகளிடமும் மாமியாரிடமும் சேர்த்தே சொல்லுங்கள். நீங்கள் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதை எதிர்வீடு பார்த்துக்கொண்டிருக்கும். நான் பார்த்தவரை, அடுத்த முகாமுக்கு வந்தவர்களில் பலர் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர்கள்தான்.

இரண்டாவது ஊசிக்குத் தேதியைச் சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். கொரோனா காலத்தில் கோவாக்சினுக்கு 28 நாள் என்பது எளிதாக இருந்தது. கோவிஷீல்டுக்கு முதலில் 4 வாரம், 2021 மார்ச்சில் 6 முதல் 8 வாரம், மே மாதத்தில் 12 முதல் 16 வாரம் என்று மாறிக்கொண்டே போனது. "மருந்து இல்லாததால நாளைக் கடத்துறாங்க" என்று ஊரில் பேச்சு. இப்படி விதி மாறினால் மக்களாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று விடாதீர்கள். மாறிய அன்றே போய்ச் சொல்லுங்கள்.

போன் இல்லாத பெரியவர்களை யாராவது ஒருவர் நம்பரில் பதிவு செய்வோம். அப்போது கோவின் என்ற அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளத்தில் ஒரு நம்பரில் நாலு பேரைத்தான் சேர்க்க முடியும் என்று இருந்தது. பேரன் நம்பரா, பக்கத்து வீட்டு நம்பரா என்பது பிறகு யாருக்கும் நினைவிருக்காது. சான்றிதழ் கேட்டு வந்து நிற்பார்கள். எந்த நம்பரில் பதிவானதோ அதை உங்கள் நோட்டிலும், அவர்கள் கையில் கொடுக்கும் சீட்டின் பின்பக்கத்திலும் எழுதி, யாருடைய நம்பர் என்று பேரையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.