சில்க் பிரஸ்: ஆப்பிரிக்கச் சுருள்முடியை வீட்டிலேயே நேராக்குவது

அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் 'சில்க் பிரஸ்' என்று சொல்லும் முறையில் ரிலாக்ஸர் (முடியை நேராக்கும் ரசாயனம்) கிடையாது, சூடு மட்டும்தான். தண்ணீர் பட்டால் சுருள் திரும்பிவிடும், திரும்பத்தான் வேண்டும்.

முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரத்தில் தளரும். உலரும்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ அதிலேயே மறுபடி இறுகும். அதனால் பாதி வேலை ட்ரையரிலேயே முடிந்துவிட வேண்டும். அங்கே விட்டதை அயர்னில் (முடியைச் சூடான இரு தகடுகளுக்கிடையே அழுத்தி நேராக்கும் கருவி) சரிக்கட்டப் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் முடியைக் கருக்கிக்கொள்கிறார்கள்.

முதலில் கிளாரிஃபையிங் ஷாம்பு. பழைய எண்ணெய், ஷியா வெண்ணெய், ஜெல் எதுவும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் தகட்டில் புகையும், முடியும் கனத்துத் தொங்கும். அடுத்து ஈரப்பதம் தரும் ஷாம்பு, பிறகு 20 நிமிடம் டீப் கண்டிஷனர். அது தலையில் இருக்கும்போதே அகலப்பல் சீப்பால் நுனியில் தொடங்கி வேர்வரை சிக்கெடுத்துவிட்டு அலசுங்கள்.

பருத்தி டி-ஷர்ட்டால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். முடியை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிலிகோன் கலந்த ஹீட் ப்ரொடெக்டன்ட்டை (சூட்டிலிருந்து முடியைக் காக்கும் பூச்சு) காசளவு தடவுங்கள். ட்ரையரில் சீப்பு முனையை மாட்டி, நடுத்தரச் சூட்டில், முடியை இழுத்துப் பிடித்தபடி நுனியிலிருந்து மேலே போங்கள். வேர்ப்பகுதி துளி ஈரமும் இல்லாமல் காய வேண்டும். பிடரியிலும் காதோரத்திலும்தான் ஈரம் ஒளிந்திருக்கும், விரலை விட்டுப் பாருங்கள். ஈர முடியில் அயர்ன் பட்டால் உள்ளிருக்கும் நீர் சட்டென்று ஆவியாகி இழைக்குள் குமிழிகளைக் கிளப்பிவிடும். 'சுர்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மறுபடி உலர்த்துங்கள்.

அயர்ன் 1 அங்குலத் தகடு உள்ளதாக, டிகிரி காட்டுவதாக இருக்கட்டும். மெல்லிய முடிக்கும் சாயம் பூசிய முடிக்கும் 150–170 டிகிரி செல்சியஸ், நடுத்தர முடிக்கு 180, தடித்த முடிக்கு 200. அதற்கு மேல் வேண்டாம். ப்ளீச் செய்த முடி என்றால் இந்த வேலையையே தவிர்ப்பது நல்லது. அரை சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு கற்றை எடுத்து, நெருக்கப்பல் சீப்பை முன்னே விட்டு, அயர்ன் அதன் பின்னாலேயே நிற்காமல் இறங்க வேண்டும். ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு. மூன்றாவது தடவை தேவைப்படுகிறதா? கற்றை தடிமனாக இருக்கிறது, அல்லது ட்ரையர் வேலை அரைகுறை. சூட்டை ஏற்றாதீர்கள்.

அயர்ன் செய்யும் முன் எண்ணெய் கூடாது. முடித்து ஆறியபின் இரண்டு சொட்டு சீரம் போதும். இரவில் முடியைத் தலையைச் சுற்றித் தட்டையாகச் சீவி, சாட்டின் துணியால் கட்டிக்கொண்டால் ஒரு வாரத்துக்குக் குறையாமல் நிற்கும். ஈரக்காற்றில் முடி உப்பினால் அன்றைக்குக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். தினமும் அயர்னை எடுக்க வேண்டாம்.

அடுத்த முறை தலை அலசும்போது கவனியுங்கள். எல்லாக் கற்றையும் சுருண்டு வந்தால் சூடு சரி. சில கற்றைகள் மட்டும் நனைந்தும் நேராகவே தொங்கினால் அங்கே கெரட்டின் (முடியின் புரதம்) கெட்டுவிட்டது. எந்தக் கண்டிஷனரும் அதை மீட்காது. வளர வளர வெட்டிவிடுவதுதான் வழி.