ஆங்கில வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம், வினையிலிருந்து தொடங்கி

ஆங்கில இலக்கணம் படிக்க உட்கார்ந்ததும் பலர் செய்வது, நவுன் என்றால் என்ன, வெர்ப் என்றால் என்ன என்று வரையறைகளை மனப்பாடம் செய்வதுதான். அதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று தமிழ் வகுப்பில் படித்தது ஞாபகம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு நோட்டில் இந்த வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள்:

த பேபி வோக் த மதர் அட் மிட்நைட்.
குழந்தை நள்ளிரவில் அம்மாவை எழுப்பியது.

படி 1: வினையைப் பிடியுங்கள்

எழுவாயிலிருந்து தொடங்கச் சொல்பவர்கள் உண்டு. வினையைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்பது என் கருத்து. வினைக்கு ஆங்கிலத்தில் வெர்ப் என்று பெயர். அதைக் கண்டுபிடிக்க, காலத்தை மாற்றிப் பாருங்கள். மேலே உள்ள வாக்கியத்தின் முன்னால் ‘எவ்ரி டே’ என்று சேர்த்தால் ‘வோக்’ மட்டும் ‘வேக்ஸ்’ என்று மாறுகிறது. மற்ற சொற்கள் அசையவில்லை. மாறியதுதான் வினை. கட், புட் போன்ற சில வினைகள் இறந்த காலத்திலும் உருவம் மாறாது. அங்கே ‘டுமாரோ’ என்று போட்டுப் பாருங்கள், முன்னால் ‘வில்’ வந்து நிற்கும்.

படி 2: யார், எது?

எழுப்பியது யார்? பேபி. அதுதான் எழுவாய், ஆங்கிலத்தில் சப்ஜெக்ட். தமிழில் ‘எழுப்பினேன்’ என்றாலே ‘நான்’ உள்ளே இருக்கிறது. ஆங்கில வினையில் அந்த வசதி இல்லை, அதனால் ‘ஐ’ என்று தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ‘மழை பெய்கிறது’ என்பதற்குக்கூட ‘இட் இஸ் ரெய்னிங்’. அந்த ‘இட்’ எந்தப் பொருளையும் குறிக்கவில்லை, எழுவாயின் இடம் காலியாக இருக்கக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறது. ‘வா’, ‘உட்கார்’ என்பது போன்ற கட்டளைகளில் மட்டும் எழுவாயை விட்டுவிடலாம்.

படி 3: யாரை, எதை?

யாரை எழுப்பியது? மதர். இது செயப்படுபொருள், அதாவது ஆப்ஜெக்ட். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். ‘குழந்தை அம்மாவை எழுப்பியது’, ‘அம்மாவைக் குழந்தை எழுப்பியது’, இரண்டும் தமிழில் ஒன்றுதான். ‘ஐ’ என்ற உருபு அம்மாவோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் எங்கே வைத்தாலும் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் ‘த மதர் வோக் த பேபி’ என்று இடம் மாற்றினால் எழுப்பியவர் அம்மா ஆகிவிடுவார். நமக்கு உருபு செய்யும் வேலையை அவர்களுக்கு இடம் செய்கிறது. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையை அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

‘யாரை, எதை’ என்று கேட்டால் பதில் வராத வாக்கியங்களும் உண்டு. ‘ஷி இஸ் எ டாக்டர்’ என்பதில் ‘எதை’ என்று கேட்க முடியாது. அவரும் டாக்டரும் ஒரே ஆள். இப்படி எழுவாய் யார், எப்படிப்பட்டவர் என்று சொல்லும் பகுதி காம்ப்ளிமென்ட். ‘அவர் டாக்டர்’ என்று தமிழில் வினையே இல்லாமல் முடித்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில்தான் ஆங்கிலத்திலும் ‘இஸ்’ விட்டுப்போகிறது.

படி 4: மிச்சம்

‘அட் மிட்நைட்’ எப்போது என்று சொல்கிறது. எங்கே, எப்போது, எப்படி என்ற கேள்விகளுக்குப் பதிலாக வருவதை அட்வெர்பியல் என்பார்கள். பெரும்பாலும் இதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும்.

பிரெடிகேட் என்ற சொல்லும் கண்ணில் படும். அதைப் பயனிலை என்று மொழிபெயர்ப்பது வழக்கம். ஆனால் ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் பொதுவாக எழுவாய் போக மீதி முழுவதையும் பிரெடிகேட் என்கின்றன. நம் வாக்கியத்தில் ‘வோக்’ முதல் ‘மிட்நைட்’ வரை அது.

படி 5: சொல்லின் வகை வேறு, வேலை வேறு

நவுன்தான் சப்ஜெக்ட் என்று நினைத்துக் குழம்புபவர்கள் நிறைய. நவுன், அதாவது பெயர்ச்சொல், என்பது சொல்லின் வகை. சப்ஜெக்ட் என்பது வாக்கியத்தில் அது பார்க்கும் வேலை. ‘வாட்டர்’ என்ற ஒரே சொல்லைப் பாருங்கள்:

வாட்டர் இஸ் கோல்ட்.
ஐ டிரிங்க் வாட்டர்.
ஐ வாட்டர் த பிளான்ட்ஸ்.

முதலாவதில் அது நவுன், பார்க்கும் வேலை எழுவாய். இரண்டாவதிலும் நவுன்தான், ஆனால் வேலை செயப்படுபொருள். மூன்றாவதில் ‘தண்ணீர் ஊற்றுகிறேன்’ என்று வினையாகவே ஆகிவிட்டது.

நன்னூல் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என்று 4 வகையாகப் பிரிக்கிறது. ஆங்கிலத்தில் வழக்கமாகச் சொல்வது 8: நவுன், புரோனவுன், வெர்ப், அட்ஜெக்டிவ், அட்வெர்ப், பிரிப்பொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன். இவற்றில் பிரிப்பொசிஷனோடு மட்டும் கூடுதல் நேரம் செலவிடுங்கள். நமக்கு ‘மேஜை மேல்’ என்று பெயருக்குப் பின்னால் வருவது, அங்கே ‘ஆன் த டேபிள்’ என்று முன்னால் வரும்.

சரி, இப்போது நீங்களே இதைப் பிரியுங்கள்: ‘த டால் கேர்ல் இன் த புளூ டிரெஸ் பிகேம் எ பைலட்.’ வினை ‘பிகேம்’. அதற்கு முன்னால் உள்ள ஏழு சொற்களும் சேர்ந்து ஒரே எழுவாய். ‘எ பைலட்’ செயப்படுபொருளா, காம்ப்ளிமென்ட்டா? அந்தப் பெண்ணும் பைலட்டும் ஒரே ஆளா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.