உறைபனிக் காலையில் டீசல் கார் கிளம்பவில்லையா?

டிசம்பர், ஜனவரியில் உதகைப் பக்கம் தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். முந்தைய நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறி வந்த டீசல் கார்கூட அந்தக் காலையில் முரண்டு பிடிக்கும். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. பிஸ்டன் அழுத்தும் காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். கீழே 30 டிகிரிக் காற்றை இழுத்த எஞ்சின் இங்கே 0 டிகிரிக் காற்றை இழுக்கிறது. அழுத்தி முடித்த நிலையில் இரண்டுக்கும் சுமார் 70 டிகிரி வித்தியாசம் வந்துவிடும். 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றும் கிட்டத்தட்டக் கால்பங்கு மெலிந்திருக்கும். மிஞ்சிய சூட்டைக் குளிர்ந்த சிலிண்டர் சுவர் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சமவெளியில் வெளியே தெரியாமல் இருந்த சின்னக் குறையெல்லாம் இங்கே வந்ததும் தலைகாட்டும்.

பலர் எடுத்த எடுப்பில் பேட்டரியை மாற்றிவிடுகிறார்கள். பணம் போன பிறகும் கார் அப்படியே நிற்கும். எதையும் கழற்றுவதற்கு முன் 10 விநாடி செல்ஃப் அடித்துக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒருவரைப் பின்னால் நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் சோம்பலாகச் சுற்றினால் மின்சாரப் பக்கம் போங்கள். நன்றாகச் சுற்றி வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் பற்றவில்லை என்று பொருள். நன்றாகச் சுற்றியும் புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

சோம்பலாகச் சுற்றினால்

0 டிகிரியில் பேட்டரி தன் வலுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழக்கும். ஆயில் கெட்டிப்பட்டிருப்பதால் எஞ்சினோ வழக்கத்தைவிட அதிகம் கேட்கும். இரவெல்லாம் நின்ற காரில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியை சார்ஜ் போட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால்தான் புதுசு வாங்க வேண்டும்.

வோல்ட் சரியாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால் எர்த் கேபிளைச் சந்தேகப்படுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, உப்புத்தாள் போட்டு, இறுக்கி மாட்டுங்கள். இந்த மலை ஈரத்தில் பாடியோடு சேரும் முனைதான் முதலில் துருப்பிடிக்கும்.

காமன் ரெயில் கார்களில், அதாவது எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயில் (ரெயில்) டீசலை அழுத்தி வைக்கும் கார்களில், இன்னொரு சிக்கல் உண்டு. ரெயிலில் சுமார் 200 பார் அழுத்தம் ஏறாமல் காரின் கம்ப்யூட்டர், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் திறக்காது. மெதுவாகச் சுற்றினால் அந்த அழுத்தம் ஏறாது, புகையும் வராது. டீசல் பழுது மாதிரியே தெரியும். அதனால் வேகமாகச் சுற்றவைத்த பிறகே டீசல் பைப்பில் கை வையுங்கள். கையேட்டில் 5டபிள்யூ-30 எஞ்சின் ஆயில் என்றிருக்க, மலிவுக்காகக் குளிரில் அதைவிடக் கெட்டியாகும் 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தாலும் இதே சோம்பல் வரும்.

வெள்ளைப் புகை வந்தால்

பெரும்பாலும் கிளம்பும் முன் சிலிண்டரின் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக்தான் காரணம். சாவியை ஆன் செய்து, டேஷ்போர்டில் சுருள் வடிவ விளக்கு அணையும் வரை காத்திருந்து அடியுங்கள். உறைபனி நாளில் ஒருமுறை அணைந்ததும் சாவியை மூடி, மறுபடி ஆன் செய்து இரண்டாம் முறை சூடேற்றிய பின் அடித்துப் பாருங்கள். அப்போது மட்டும் கிளம்பினால் பிளக் ஒன்றிரண்டு போயிருக்கும். ஸ்டார்ட் ஆன பிறகு சில நிமிடம் எஞ்சின் ஒரு காலை இழுத்து நொண்டுவது போல் ஓடிச் சரியாவதும் இதே அடையாளம்.

சோதிக்கும் முறை: எஞ்சின் ஆறியிருக்கட்டும். பிளக்குகளை இணைக்கும் பட்டையையோ ஒயரையோ கழற்றுங்கள். ஒவ்வொரு பிளக்கின் நுனிக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். 0.5 முதல் 2 ஓம் வரை இருந்தால் கம்பி அறுந்திருக்காது. எல்லை தாண்டிக் காட்டினால் அந்தப் பிளக் செத்தது. பேட்டரியை நேராகக் கொடுத்து எரியவிட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். பிளக் உடம்பில் 11 வோல்ட் என்று பொறித்திருந்தால் தாங்கும். புதிய கார்களில் வரும் 4.4 அல்லது 7 வோல்ட் பிளக் நொடியில் எரிந்துவிடும்.

பிளக் எல்லாம் நல்லதாக இருந்தால் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். 11 வோல்ட் வகைப் பிளக் உள்ள காரில், சாவி ஆன் செய்தவுடன் பட்டையில் 11 வோல்ட் அளவு வர வேண்டும். வராவிட்டால் ரிலே, பெரிய ஃபியூஸ், அதற்கும் பிறகு கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் என்று வரிசையாகப் போங்கள். எஞ்சின் சூடாக இருப்பதாக சென்சார் தவறாகச் சொன்னால் கம்ப்யூட்டர் பிளக்குக்கு மின்சாரமே விடாது.

கழற்றும்போதுதான் ஆபத்து. குளிர்ந்த எஞ்சினில் முறுக்கினால் பிளக் ஒடிந்து ஹெட்டிலேயே (எஞ்சினின் மேல்மூடி) மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஹெட்டை இறக்கும் செலவுவரை போகும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். மறுநாள் எஞ்சினைச் சூடாக்கி, டார்க் ரெஞ்சால் மெதுவாக விடுங்கள். 10 மில்லிமீட்டர் மரையுள்ள பிளக்குக்கு 35 நியூட்டன் மீட்டரே உச்ச எல்லை. அசையாவிட்டால் மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். புதியதை சுமார் 15 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் போதும். ஒன்று போனால் மற்றவையும் அதே வயதுதான், நாலையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

பிளக், மின்சாரம் இரண்டும் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் கம்ப்ரஷனும் (சிலிண்டரின் அழுத்தம்) நாசிலும் (டீசல் பீய்ச்சும் முனை) பார்க்க வேண்டும். அது பட்டறை வேலை.

புகையே இல்லையென்றால்

டீசல் பைப்பில் காற்று ஏறியிருக்கும். முகப்பு மேட்டைப் பார்க்க இரவு நின்ற காரில் இது அதிகம். குளிரில் ரப்பர் ஹோஸ் சுருங்கி, கிளிப் தளர்ந்து, மயிரிழைக் கசிவு வழியாகக் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். டீசல் பைப்பில் கையால் அழுத்தும் கைப்பம்பு இருந்தால் காலையில் அது கெட்டியாகும் வரை அழுத்திவிட்டு அடியுங்கள். உடனே கிளம்பினால் கசிவு உறுதி. ஃபில்டருக்கு வரும் ஹோஸ், கிளிப், ஃபில்டர் வாஷர் மூன்றையும் பாருங்கள். அதுவரை முகப்பு சரிவைப் பார்க்க நிறுத்துங்கள், டேங்கைப் பாதிக்குக் கீழே விடாதீர்கள்.

காலியான டேங்கின் சுவரில் இரவு ஈரம் வியர்த்துத் தண்ணீராக இறங்கும். ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, தெளிவான டீசல் வரும் வரை சுமார் 100 மில்லி வடித்துவிடுங்கள். குளிர்காலம் தொடங்கும் முன் ஃபில்டரை மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

டீசல் மெழுகாவதும் நடக்கும். இந்தியத் தரத்தில் குளிர்கால டீசல் 6 டிகிரி வரை ஃபில்டரில் அடைக்காமல் போனால் போதும். கோடைகால டீசலுக்கு அந்த எல்லை 18 டிகிரி. அவலாஞ்சிப் பக்கம் 0 டிகிரிக்கு இறங்கும் இரவில், அக்டோபரில் கீழே நிரப்பிய டேங்க் கலங்கிப்போக வாய்ப்பு உண்டு. ஃபில்டர் மேல் துணி சுற்றி, வெந்நீரை மெல்ல ஊற்றினால் இளகும். அந்த வெந்நீர் டீசல் பம்பில் படக்கூடாது. உள்ளே நெருங்கிப் பொருந்திய பாகங்கள் திடீர்ச் சூட்டில் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் கலக்காதீர்கள், பம்புக்கும் நாசிலுக்கும் வேண்டிய வழவழப்பு போய்விடும்.

ஈதர் ஸ்ப்ரேயை ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அடிக்கவே கூடாது. பழுத்திருக்கும் பிளக்கில் பட்டு, பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடித்து ரிங்கை உடைக்கும்.

இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்யும் வழக்கம் இங்கே எல்லா ஊரிலும் இருக்கிறது. எஞ்சின் ஓடாதபோது ஸ்டீயரிங் கனக்கும், பிரேக் இரண்டு மூன்று மிதியிலேயே கட்டையாகிவிடும். முன்னால் வளைவு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் காரின் பேட்டரியைக் கேளுங்கள். முதலில் சிவப்பு கேபிளை நல்ல பேட்டரி பிளஸிலிருந்து உங்கள் பிளஸுக்கு மாட்டுங்கள். கருப்பை அவர்கள் மைனஸிலிருந்து உங்கள் எஞ்சினின் வெறும் இரும்பில் மாட்டுங்கள், உங்கள் பேட்டரி மைனஸில் அல்ல. அவர்கள் எஞ்சின் 5 நிமிடம் ஓடட்டும். பிறகு இரண்டு முறை சூடேற்றி, கிளட்ச்சை மிதித்து அடியுங்கள். கிளம்பியதும் மாட்டியதற்கு எதிர் வரிசையில் கழற்றுங்கள்.