ஆர்க்காட்டு நவாபின் உருவப்படத்தைப் பார்ப்பது எப்படி?

ஆர்க்காட்டில் பாலாற்றங்கரையில் எஞ்சி நிற்கும் டெல்லி கேட் என்னும் பழைய கோட்டை வாயிலின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவருக்கு, அரச உருவப்படத்தின் முதல் உத்தி எளிதில் விளங்கிவிடும். ஓவியர் அடிவானக் கோட்டினை அரசரின் முழங்காலளவுக்குத் தாழ்த்திவிட்டால், பார்ப்பவர் தம்மையறியாமலே கீழே நின்று மேலே நோக்குகிறார். ஆகவே முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று முதலில் தேடுங்கள்.

இதற்குப் பயிற்சியாக, பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபாக இருந்த முகம்மது அலி வாலாஜாவின் படங்களை எடுத்துக்கொள்ளலாம். 1769-இல் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் ஓவியர் டில்லி கெட்டிலும், 1774-இல் வந்த இன்னொரு பிரிட்டிஷ் ஓவியர் ஜார்ஜ் வில்லிசனும் அவரை எண்ணெய் வண்ணத்தில் ஆளுயரத்துக்குத் தீட்டினார்கள்.

அடுத்து உடையைப் பாருங்கள். இங்கே அவசரம் வேண்டாம். வெண்ணிற மஸ்லின் அங்கி, அடியில் உள்ள நிறம் மங்கலாகத் தெரியும்படி, மிக மெல்லிய வெள்ளைப் பூச்சாகத் தீட்டப்படுகிறது. அதன்மேல் தொங்கும் முத்துச்சரத்தை நெருங்கிப் பார்த்தால், ஒவ்வொரு முத்தும் ஒரு சாம்பல் வட்டமும் அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியுமாகவே இருக்கும். நான்கடி பின்வாங்கினால் அதுவே செல்வமாக ஒளிரும். வாளையும் கைகளையும் கவனியுங்கள். பிடியை இறுகப் பற்றிய கை ஒன்றைச் சொல்லும், அதன்மேல் இளைப்பாறும் கை வேறொன்றைச் சொல்லும்.

இனி, படம் யாருக்காக வரையப்பட்டது என்று கேளுங்கள். 1749-இல் ஆம்பூர்ப் போரில் தந்தை அன்வருதீனை இழந்து, ஆங்கிலேயர் துணையோடு பதவியில் நிலைத்தவர் வாலாஜா. பின்னர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளிடமே பெருங்கடன் பட்டவர். தம் உருவப்படங்களை இங்கிலாந்துக்கும் அனுப்பினார். கடன் கொடுத்தவர்களின் நாட்டில் தம்மைத் தன்னுரிமையுள்ள அரசராகவே காட்டிக்கொள்ள அவர் விரும்பினார் என்பது என் கருத்து. அந்த முத்துகள் அத்தனை கவனமாகத் தீட்டப்பட்டதற்கு இதையும் ஒரு காரணமாகக் கொள்கிறேன்.

இப்போது கையை எடுத்துவிட்டு முகத்தைப் பாருங்கள். நரைத்த தாடியை ஓவியர் மறைக்கவில்லை. கண்ணிமையின் கனம், வாயோரத்தின் இறுக்கம் ஆகியவற்றை உடையின் பளபளப்போடு ஒப்பிட்டு, இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த விலகலில்தான் நவாபைத் தாண்டிய முகம்மது அலி தென்படுவார்.